கன்னியாகுமரி - திருவனந்தபுரம் நினைவு நடைப்பயணம்: எத்தனை நாள், பணம் எப்படி, காலுக்கு என்ன செய்வது?

தக்கலை_மகன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் அம்மாவின் முதலாண்டு. சிகிச்சை முழுக்க திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. கன்னியாகுமரியிலிருந்து ஆர்சிசி வரை நடந்து, அம்மா நினைவாகப் பணம் திரட்டி, மருந்து வாங்க முடியாத நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி வழியாகவே கொடுப்பதென்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். 14 பேர் நடக்கிறோம். 17 வயதுப் பையன் முதல் 63 வயது மாமா வரை. இரண்டு பேருக்குச் சர்க்கரை. சித்தப்பா ஒருவர் செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்திருக்கிறார்.

எத்தனை நாளாகப் பிரிப்பது, எங்கே தங்குவது? எல்லை தாண்டும்போது இரண்டு மாநிலப் போலீசிடமும் சொல்ல வேண்டுமா? பணத்தை என் ஜிபே நம்பரில் வாங்கிச் சேர்த்துக் கொடுக்கலாமா? வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர்களும் தருகிறேன் என்கிறார்கள். இப்போதிருந்து மூன்று மாதம் இருக்கிறது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.


வேளிமலை_அடிவாரம்:

கொள்ளாம் தம்பி, நல்ல காரியம். பாதையும் நாள் கணக்கும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

இந்த ரோட்டில் எங்கே ராத்தங்க வேண்டும் என்பது பல தலைமுறைக்கு முன்பே முடிவான விஷயம். நவராத்திரிக்குத் தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலை குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை என மூன்று விக்கிரகங்களும் எழுந்தருளினால் முதல் ராத்திரி குழித்துறை, இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் கோட்டைக்ககம். கூட்டத்தோடு சுமந்து நடப்பவர்களின் கால் அளவுக்கு வைத்த கணக்கு அது. அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு நாளைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

முதல் நாள் கன்னியாகுமரி - நாகர்கோவில், சுமார் 20 கி.மீ. புதிய நாலுவழிச் சாலையில் ஏறாதீர்கள். கொட்டாரம், சுசீந்திரம் வழியாகப் பழைய ரோட்டில் போங்கள், டீக்கடையும் தண்ணீரும் கிடைக்கும். இரண்டாம் நாள் வில்லுக்குறி வழி தக்கலை, சுமார் 15. மூன்றாம் நாள் அழகியமண்டபம், சுவாமியார்மடம், இரவிபுதூர்க்கடை, மார்த்தாண்டம் தாண்டிக் குழித்துறை, சுமார் 16. நான்காம் நாள் படந்தாலுமூடு, களியக்காவிளை, பாறசாலை, உதியங்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை, சுமார் 20. ஐந்தாம் நாள் பாலராமபுரம், நேமம், கரமனை, தம்பானூர், அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள ஆர்சிசி, சுமார் 25. நீங்கள் தங்கும் மண்டபம் ரோட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தால் கணக்கு மாறும். ஒருமுறை பைக்கில் போய் மீட்டர் பார்த்துக் குறித்து வையுங்கள்.

மூன்றாம் நாளின் தூரம் குறைவென்று ஏமாற வேண்டாம். தக்கலைக்கு மேற்கே ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். இறக்கத்தில் கால்விரல் ஷூவின் முனையில் போய்ப் போய் முட்டும், நகம் கறுத்துப்போகும். முதல் நாள் ராத்திரியே எல்லோரும் நகத்தை நேராக, ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் வெட்டினால் அந்த இடமே வலிக்கும்.

காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். மணிக்கு 4 கி.மீ. நடை, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிட இருப்பு, நடுவில் காலைச் சாப்பாடு என்று வைத்தால் 10 மணிக்குள் 14 கி.மீ. ஆகும். அதோடு நிழலில் ஒதுங்கி, மீதியை மாலை 4 மணிக்கு மேல் முடியுங்கள். அந்த மாதத்தில் சூரியன் உதிக்க ஆறரை தாண்டிவிடும். ஒன்றரை மணி நேரம் இருட்டில்தான் நடக்கிறீர்கள். ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை 14 பேருக்கும் வேண்டும். முன்னால் போகிறவர் கையில் வெள்ளை டார்ச், கடைசி ஆள் கையில் சிவப்பு விளக்கு. நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். வழக்கம் காரணமாக ஆள் இடது ஓரத்துக்கே போய்விடும். பின்னால் வரும் பஸ் கண்ணில் படாமல் போவது அப்படித்தான்.

தேதி: தை 1க்கு முன்பு வேண்டாம். மகரவிளக்கு வரைக்கும் ஐயப்ப பக்தர்களின் வண்டி இந்த ரோட்டில் ஓயாது, கன்னியாகுமரியில் ரூமும் கிடைக்காது. ஜனவரி 20க்குப் பிறகு, 26ஆம் தேதியை விட்டு ஒரு வாரம் பாருங்கள். திதி முன்பே வந்தால் வீட்டுச் சடங்கை அன்றைக்கே முடித்துவிட்டு நடையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரி கடைசிக்குப் போனால் ஆற்றுக்கால் பொங்கால நெருங்கிவிடும்.


பாறசாலை_நர்ஸ்:

பாதை சரி. ஆனால் ஐந்தாம் நாள் 25 கி.மீ. என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 10 மணிக்குப் பாப்பனங்கோடு பக்கம்தான் இருப்பார்கள். மிச்சம் பத்துக்கு மேல் நகரத்து வெயிலில், வண்டிப் புகையில். 63 வயதுக்காரர் நிலைகுலைவது அங்கேதான். ஐந்தாம் ராத்திரி கரமனையிலோ தம்பானூரிலோ தங்கி, ஆறாம் நாள் காலையில் மிச்ச ஏழெட்டு கி.மீ. நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் வெள்ளிக்கிழமை போய்ச் சேரலாம், ஆஸ்பத்திரி அலுவலகமும் திறந்திருக்கும்.

இனி கால். கொப்புளம் வருவதற்கு மூன்று காரணம்: ஈரம், சூடு, உரசல். மூன்றில் ஒன்றைக் குறைத்தாலே பாதி தப்பிக்கலாம். ஷூ புதிதாக வேண்டாம். இப்போதே வாங்கி, நடைக்கு முன்பு அதே ஷூவில் குறைந்தது 100 கி.மீ. நடந்திருக்க வேண்டும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கிய அளவில் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதைத் தவிர்த்து நைலான் கலந்ததை வாங்குங்கள். ஆளுக்கு நான்கு ஜோடி. காலை இருப்பில் ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். கழற்றியதைப் பையின் மேல் கிளிப் போட்டுக் காய விடுங்கள். கிளம்பும் முன் விரலிடுக்கு, குதிகால் ஓரம், தொடையிடுக்கு, அக்குள் நான்கிலும் வாஸ்லின். தொடையிடுக்குப் புண்ணை வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. இரண்டாம் நாள் கால்களை அகட்டி நடப்பதைப் பார்த்துத்தான் தெரியவரும், அதற்குள் தோல் போயிருக்கும்.

நடக்கும்போது ஓரிடத்தில் சுருசுருவென்று சூடு தெரிந்தால் அந்த நிமிடமே நிற்க வேண்டும். "அடுத்த டீக்கடையில் பார்த்துக்கலாம்" என்று போனால் அது கொப்புளம் ஆகிவிடும். காலைத் துடைத்து, உலர்த்தி, மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள், மூலையை வட்டமாக வெட்டினால் உரிந்து வராது. வந்துவிட்ட கொப்புளம் சிறியதென்றால் உடைக்காதீர்கள். மேல்தோல்தான் கட்டு. பெரிதாகி நடக்க முடியாமல் போனால் சுத்தம் செய்து, புதிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, தோலை உரிக்காமல் மூடிக் கட்டலாம். சர்க்கரை உள்ள இருவருக்கும் இதைச் செய்யவே கூடாது. அவர்கள் கொப்புளத்தோடு நடக்கக் கூடாது, வண்டியில் ஏற வேண்டும்.

அந்த இருவரும் இப்போதே மருத்துவரிடம் போய், "ஆறு நாள் தினம் 20 கி.மீ. நடக்கப் போகிறேன்" என்று சொல்லி மாத்திரை அளவைக் கேட்டு எழுதி வாங்கட்டும். வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு இவ்வளவு நடந்தால் சர்க்கரை இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸோ கருப்பட்டித் துண்டோ இருக்க வேண்டும், வண்டியில் இருந்தால் பிரயோசனமில்லை. பாதத்தில் மரப்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மரப்பு இருந்தால் கல் குத்தியதே தெரியாது. தினம் ராத்திரி இன்னொருவர் டார்ச் அடித்து அவர்களின் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்றால் 14 பேருக்கு 56. 20 லிட்டர் கேன் மூன்றும், கைவசம் ஒன்றும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு நீர்த்து, தலைவலி, குமட்டல், கைவிரல் வீக்கம் வரும். அதைத் தாகமென்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது ஆபத்து. ஆளுக்குத் தினம் இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட், 14 பேருக்கு ஆறு நாளுக்கு 168. ஒரு பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், ஒரு டம்ளரில் கலக்கக் கூடாது. பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்தது. இரத்த அழுத்தம் அல்லது சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர், சர்க்கரைக்காரர் மருத்துவரைக் கேட்டே குடிக்கட்டும்.

சாப்பாடு: கிளம்பும் முன் மட்டிப்பழம் இரண்டு, கருப்பட்டிக் காப்பி. 7 மணி வாக்கில் புட்டும் பயறும். மத்தியானம் கஞ்சி, பயறு, துவையல், உப்பு கொஞ்சம் தூக்கலாக. பரோட்டாவும் பொரித்ததும் ராத்திரியில்கூட வேண்டாம், காலையில் வயிறு கெட்டால் 14 பேரும் நிற்க வேண்டியதுதான்.

யாராவது பேச்சுக் குழறி, தடுமாறி, உடம்பு கொதித்தால் நிழலில் படுக்க வைத்து, துணியை நனைத்து உடம்பெங்கும் போட்டு விசிறிக்கொண்டே 108க்கு அழையுங்கள். இரு மாநிலத்திலும் அதே எண்தான். களியக்காவிளைப் பக்கம் டவர் அக்கரை மாநிலத்தைப் பிடிக்கலாம். அதனால் எடுத்ததும் மாநிலம், ஊர், பக்கத்துக் கடைப் பெயர் மூன்றையும் சொல்லுங்கள். வழியில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், தக்கலையிலும் குழித்துறையிலும் அரசு ஆஸ்பத்திரி, பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரி, நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. வண்டி ஓட்டுபவருக்கு ஒவ்வொன்றின் நுழைவுவாசலும் தெரிந்திருக்கட்டும்.


கணக்குப்பிள்ளை_கோட்டாறு:

பணத்தை உங்கள் ஜிபே நம்பரில் வாங்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்து பேர் கெடுவது இங்கேதான்.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் சொந்தக் கணக்குக்கு வந்தால், வருமான வரிக்காரர் அதை உங்கள் வருமானமாகப் பார்ப்பார். நீங்கள் முழுதையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும். இன்னொன்று, சேர்த்த பணத்தை உங்கள் கணக்கிலிருந்து ஒரே தொகையாக அனுப்பினால் ரசீது உங்கள் பெயரில் மட்டும் வரும். ஐநூறு கொடுத்த தெருக்காரருக்கும் ஐம்பதாயிரம் கொடுத்த சம்பந்திக்கும் காட்ட ஒரு காகிதம் இருக்காது. நன்கொடைக்கான 80ஜி வரிக்கழிவு கேட்பவருக்கு அது கிடைக்காது. (பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான் அந்தக் கழிவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது.)

செய்ய வேண்டியது இது. நடைக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே ஆர்சிசி அலுவலகத்துக்கு நேரில் போய், ஏழை நோயாளிகளின் மருந்துக்கென்று கொடுக்கும் பணம் எந்தக் கணக்கில் போக வேண்டும், குறிப்பில் என்ன எழுத வேண்டும், ரசீது எப்படி வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கணக்கை மட்டும் நோட்டீசில் அச்சடியுங்கள். கொடுப்பவர் ஒவ்வொருவரும் நேரே அனுப்பி, அனுப்பிய சீட்டின் படத்தை உங்கள் வாட்ஸ்அப்புக்குப் போடட்டும். நீங்கள் ஒரு நோட்டில் தேதி, பெயர், தொகை, பரிமாற்ற எண் நான்கையும் எழுதி, தினம் ராத்திரி அதைக் குழுவில் படமெடுத்துப் போடுங்கள். பணம் கையில் வராது, கணக்கு மட்டும் கையில் இருக்கும். நோட்டீசை ஊருக்குக் கொடுக்கும் முன் நீங்களே நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அச்சில் ஒரு எண் பிசகினாலும் திருத்துவது பெரும்பாடு.

வளைகுடா சொந்தக்காரர்கள்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியுரிமை வாங்கிய அண்ணன் அனுப்பினால், நாகர்கோவில் வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். அதற்குப் பதிவுபெற்ற அமைப்பு, டெல்லி ஸ்டேட் பேங்கில் தனிக் கணக்கு என்று வேறு சட்டம். அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரியிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளட்டும், உங்கள் கணக்கில் கலக்க வேண்டாம்.

"கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் தருகிறேன்" என்று வாக்குறுதி வாங்குவது கேட்க நன்றாக இருக்கும். நடை முடிந்தபின் வசூல் செய்யப் போனால் பாதிப் பேர் போன் எடுக்க மாட்டார்கள். தொகையைச் சொல்லி முன்பே அனுப்பச் சொல்லுங்கள். 1980இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டக் கனடாவில் செயற்கைக் காலோடு ஓடிய டெரி ஃபாக்ஸ் ஒவ்வொரு கனடியரிடமும் கேட்டது ஒரே ஒரு டாலர். சின்னத் தொகையைத் தெளிவாகக் கேட்டால் கொடுக்கிறவருக்குக் கூச்சமில்லை. நூறு ரூபாய் என்று அச்சடியுங்கள்.

சாப்பாடு, மண்டபம், டீசல், மேல்சட்டை எல்லாம் குடும்பத்தின் காசு. நன்கொடையிலிருந்து ஒரு பைசா எடுக்கவில்லை என்று நோட்டீசின் முதல் வரியிலேயே போடுங்கள்.


படந்தாலுமூடு_ஜங்ஷன்:

போலீஸ் பற்றிச் சுருக்கமாக. மூன்று இடத்தில் மனு: நாகர்கோவில் எஸ்பி அலுவலகம், திருவனந்தபுரம் ரூரல், திருவனந்தபுரம் சிட்டி. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ரூரலில் வரும், நேமம் தொட்டு சிட்டி. நான்கு வாரத்துக்கு முன் கொடுங்கள். ஆள் எண்ணிக்கை, தேதி, நேரம், தங்குமிடம், வண்டி எண், பொறுப்பாளர் போன், மைக் இல்லை என்ற உறுதி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கேரளப் பக்கத்து மனு மலையாளத்தில். முத்திரை போட்ட நகலை மூன்று பிரதி எடுத்து முன்னால் நடப்பவர், கடைசியில் நடப்பவர், டிரைவர் மூவரும் வைத்திருக்க வேண்டும். எல்லையில் நிறுத்தினால் நகலைத்தான் கேட்பார்கள்.

கேரளத்தில் பிவிசி ஃப்ளெக்ஸ் தடை. துணி பேனரில் எழுதுங்கள், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். வண்டி உங்கள் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது. ஐந்து கி.மீ. முன்னால் போய், ரோட்டை விட்டு இறங்கி நிற்கட்டும். பின்னால் ஊர்ந்தால் மற்ற வண்டிகள் அதைச் சுற்றி முந்தும்போது உங்கள் மேலேயே வரும்.


தக்கலை_மகன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆறு நாள் என்று முடிவு செய்துவிட்டோம், ஆர்சிசிக்கு அடுத்த வாரம் போகிறேன். மூன்று சந்தேகம். சித்தப்பாவின் செருப்பில்லா நேர்ச்சை என்ன செய்வது? சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோவிலுக்கும் ஓடியே போகும் சிவாலய ஓட்டம் பலமுறை ஓடியவர், கேட்க மாட்டேன் என்கிறார். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நடக்கலாமா? கடைசி நாள் அங்கே ஆளுக்கு ஒரு யூனிட் இரத்தமும் கொடுக்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள், சரியா?


பாறசாலை_நர்ஸ்:

சிவாலய ஓட்டம் ஓடிய கால் பெரிய கால்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு ராத்திரியும் ஒரு பகலும். ஓடி முடித்தால் கால் ஓய்ந்துவிடும். இங்கே இரண்டாம் நாள் புண்ணோடு மூன்றாம் நாள் நடக்க வேண்டும். வெயில் ஏறிய தார் 50 டிகிரியைத் தாண்டும். தினமும் கிளம்பியதிலிருந்து 8 மணி வரை வெறுங்காலில் நடக்கட்டும், அதற்குமேல் செருப்பு. கடைசி நாள் நடை முழுக்க 8 மணிக்குள் முடிந்துவிடும், அதை முழுவதும் வெறுங்காலில் போகலாம். நேர்ச்சை குறையாது என்று வீட்டுப் பெரியவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு வருடமாயிற்று என்றும் கேளுங்கள்.

இரத்தம் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். ஆறு நாள் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் எடுத்தால் மயங்கி விழுவார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரத்தமும் தட்டணுக்களும் வருடம் முழுக்க வேண்டும். நடை முடிந்து ஒரு மாதம் கழித்து, 18 வயது முடிந்தவர்கள், 45 கிலோவுக்குக் குறையாதவர்கள் பெயர் கொடுங்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குள் 14 பேரும் போகாதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, உங்கள் சாதாரணச் சளி அவர்களுக்குப் பெரிய காய்ச்சல். இருமல், காய்ச்சல் இல்லாத நான்கு பேர், குளித்து உடை மாற்றி, மாஸ்க் போட்டு, ஓபி கூட்டம் குறைந்த மத்தியானத்துக்கு மேல் போங்கள். மேளம், கோஷம், பூமாலை வேண்டாம். ஆஸ்பத்திரியைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம். அம்மாவின் படத்தோடு நீங்கள் நின்று படமெடுக்கலாம், வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளி யாரும் அதில் விழக் கூடாது.


வேளிமலை_அடிவாரம்:

மேம்பாலத்தில் ஏறாதீர்கள். பம்மத்தில் தொடங்கி இரண்டரை கி.மீ. நீளம், நடப்பவருக்கு ஒதுங்க இடமில்லை. கீழே கடைவீதி வழியாகவே போங்கள். மார்த்தாண்டத்தைக் காலை 9 மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும், பள்ளிக்கூட வண்டியும் சந்தைக் கூட்டமும் சேர்ந்தால் ஒற்றை வரிசை அறுந்துபோகும். தக்கலையிலிருந்து அன்று மட்டும் 4.15க்குக் கிளம்புங்கள். பாலராமபுரம் முக்கிலும் அதே நெருக்கடி, அங்கேயும் நேரத்தோடு தாண்டுங்கள்.

தங்குமிடம் பேசும்போது கக்கூஸ் எத்தனை என்று முதலில் கேளுங்கள். 14 பேர், விடியக்காலை, ஆளுக்கு எட்டு நிமிடம்; ஒன்றே ஒன்றென்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அதிலேயே போகும். மூன்று இருந்தால் நாற்பது நிமிடத்தில் முடியும். சர்ச் ஹாலும் கல்யாண மண்டபமும் கிடைக்கும். பள்ளிக்கூடத்தை நம்ப வேண்டாம், வார நாளில் வகுப்பு இருக்கும்.

பயிற்சி: இந்த வாரம் தினம் 5 கி.மீ. ஞாயிறு 8. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றரை கி.மீ. கூட்டிக்கொண்டே போங்கள். கிளம்ப மூன்று வாரம் இருக்கையில் ஒரு சனி, ஞாயிறு தொடர்ந்து நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மறுநாள் தக்கலையிலிருந்து குழித்துறை, அதே ஷூ, அதே பை, அதே நேரம். மறுநாள் காலை எழுந்து நிற்க முடியாதவர் யாரென்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அவரை வண்டியில் தண்ணீர்ப் பொறுப்புக்குப் போடுங்கள். முடியாமல் போகும் நாளில் யாரும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம், நாகர்கோவில் - திருவனந்தபுரம் பஸ் அந்த ரோடு முழுக்க ஓடுகிறது, அடுத்த தங்குமிடத்தில் போய் இருந்து மறுநாள் சேர்ந்துகொள்ளலாம்.

கடைசி வாரம் நடையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கிளம்பும் முந்தின நாள் நடக்கவே வேண்டாம்.